ஆறாவது பீம்

பைபிளில் வருகிற பலசாலி சாம்சனின் பேரை வைத்தால் ஆள் வாட்டசாட்டமாக இருக்க வேண்டும் என்று சட்டமா இருக்கிறது? இல்லைதான். ஆனாலும் சங்கரன்கோவில் லோடு வண்டி ஸ்டாண்டுக்குப் புதிதாக வருகிறவர்கள், "சாம்சன் அண்ணாச்சி யாரு?" என்று கேட்பார்கள். "அன்னா நிக்காரு பாரும்" என்று கை காட்டினால், அந்தப் பக்கம் பார்த்துவிட்டு மறுபடியும், "எங்க?" என்பார்கள். அவ்வளவு ஒல்லி. சட்டையை ஆணியில் மாட்டியிருக்கிறதா, மனுசன்தான் சுவரோரம் நிற்கிறாரா என்று தூரத்திலிருந்து சொல்ல முடியாது.

அவருடைய பெஞ்சாதி ஞானபூரணம் அதற்கு நேர் எதிர். அவள் ஆட்டோவில் ஏறினால் ஆட்டோக்காரன் வேறு சவாரிக்குக் குரல் கொடுக்க மாட்டான். இரண்டு பேரும் ஜோடியாகச் சர்ச்சுக்கு நடந்து போவதைப் பார்த்துவிட்டு, ஸ்டாண்டில் பக்கத்து வண்டிக்காரரான தாவூது ஒருநாள் நேருக்கு நேராகவே சொன்னார்: "மாவு என்னமோ சரியாத்தான் பிசைஞ்சிருக்கு. உருட்டுத நேரத்துலதான் கை தவறிப்போச்சு." கேட்டவர்களில் பூரணம்தான் அதிகமாகச் சிரித்தாள். கோபித்துக்கொள்கிற ரகம் இல்லை அவள்.

சாம்சனின் வண்டி குட்டி யானை. பேர்தான் யானை, சின்ன லோடு வண்டிகளிலேயே சின்னது. ஊருக்கு வெளியே இருக்கிற சைசிங் மில்லிலிருந்து ஊருக்குள் தறி ஷெட்டுகளுக்குப் பீம் கொண்டுவந்து இறக்குவது அவர் வேலை. விசைத்தறி ஓட வேண்டுமென்றால் பாவு நூலுக்குக் கஞ்சி போட்டு, ஆள் நீள இரும்பு உருளையில் சுற்றித் தர வேண்டும். அப்படி நூல் சுற்றிய உருளைதான் பீம். இரண்டு ஆள் சேர்ந்து தூக்கினாலும் மூச்சு முட்டும்.

குட்டி யானையின் பெட்டிக்குள் ஐந்து பீம் அடங்கும். ஆறாவதுக்கு இடமில்லை. பின்கதவைக் கீழே இறக்கிவிட்டு, அதன் மேல் குறுக்கே படுக்க வைத்துக் கயிறு போட்டு இறுக்கினால் ஆறாவதும் வரும். வரும் என்றால், சமதரையில் வரும். வழியில் ஒரு ஓடைப் பாலம் இருந்தது. அதைக் கட்டியவன் என்ன கோபத்தில் கட்டினானோ தெரியாது, விறுக்கென்று செங்குத்தாக ஏறும். பின்னால் ஆறு பீமோடு அதில் ஏறினால் வண்டி முன்னங்காலைத் தூக்கிவிடும். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரம் கேட்காது, காற்றில் நிற்கும். ஒரு தடவை அப்படி ஆகி, சாம்சனுக்கு ஈரக்குலை நடுங்கிவிட்டது. அதற்குப் பிறகு ஐந்தோடு நிறுத்திக்கொண்டார்.

பிறகு ஒருநாள் பூரணம் பல்வலிக்கு மருந்து வாங்க மில்லுக்குப் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போனவள், திரும்பும்போது அவர் வண்டியில் ஏறிக்கொண்டாள். அன்றைக்குப் பார்த்து மில்லில் அவசரம், ஆறு பீமை ஏற்றிவிட்டார்கள். பாலம் நெருங்க நெருங்கச் சாம்சன் ஸ்டியரிங்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். வண்டியோ தரையைக் கவ்விக்கொண்டு, அசையாமல் மேலே ஏறி அந்தப் பக்கம் இறங்கிவிட்டது. அந்த வண்டியில் ஆள் உட்காரும் இடத்துக்குக் கீழேதான் முன்சக்கரம். விசயம் அவ்வளவுதான்.

மறுநாள் சாம்சன் இதை மில்லில் பீம் ஏற்றுகிற சண்முகையாவிடம் சொன்னார். சண்முகையா பெரிய கண்டுபிடிப்பைக் கேட்டவனைப்போலக் கையைத் தட்டினான். "அப்ப எக்கா வந்தா ஆறு, வராட்டா அஞ்சு. சரிதானா அண்ணாச்சி?"

அந்த வருசம்தான் மகள் அபிஷாவைக் கட்டிக்கொடுத்துக் கோயம்புத்தூருக்கு அனுப்பியிருந்தார்கள். "வீட்ல கெடந்து சொவரையா பாத்துக்கிட்டு இருக்க? நானும் வாரேன்" என்று பூரணம் கிளம்பிவிட்டாள். அன்றிலிருந்து தினமும் வந்தாள். ஒரு தூக்குச்சட்டியில் சோறு, ஒரு பையில் முறுக்கு, மடியில் பல்லாரி வெங்காயம் நறுக்க ஒரு தட்டு. வண்டி மில்லுக்குள் நுழைந்ததும் சண்முகையா இடது பக்கம் குனிந்து எட்டிப் பார்ப்பான். உள்ளே பூரணம் இருந்தால், "ஆறு!" என்று கத்துவான். ஆறாவதுக்குப் பூரணம் பீம் என்றே மில்லில் பேர் விழுந்துவிட்டது.

பாலம் வந்தால் பூரணம் முன்கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, "ஏசப்பா, ஏசப்பா" என்பாள். ஏறி முடித்ததும், "ஸ்தோத்திரம்" என்பாள்.

"ஏட்டி, ஏசப்பாவா ஏத்துனாரு? நீல்லா அமுக்குன" என்பார் சாம்சன்.

"போங்க அங்கிட்டு" என்று தோளில் ஒன்று வைப்பாள். அந்த அடி அவருக்கு வீடு போய்ச் சேருகிற வரைக்கும் வலிக்கும்.

அவளுக்கு இதில் பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை. சர்ச் பெண்கள் கூட்டத்தில் ஒருத்தி டீச்சர், ஒருத்தி நர்ஸ், ஒருத்தி பேங்கில் இருந்தாள். பூரணம் எட்டாவது தாண்டாதவள். ஆனாலும் அவர்கள் நடுவில் உட்கார்ந்துகொண்டு, "நான் இல்லாட்டா அவியளுக்கு வண்டியே ஏறாது, தெரியுமா?" என்பாள். ஒருத்தியும் மறுத்துப் பேச முடியாது. உண்மைதானே.

அந்த வண்டியில் ஒரு கோளாறு உண்டு. இடது கதவை உள்ளிருந்து திறக்க வராது. பூரணம் இறங்க வேண்டுமென்றால் சாம்சன் இறங்கி, முன்பக்கமாகச் சுற்றிப் போய், வெளியிலிருந்து திறந்துவிட வேண்டும். ஸ்டாண்டில் பார்க்கிறவர்களுக்கு இது ஒரு வேடிக்கை. "மகாராணி இறங்கப்போறா வே, வழிய விடுங்க" என்று தாவூது சத்தம் கொடுப்பார். ஒரு மெக்கானிக்கிடம் காட்டியிருந்தால் அரை மணி நேர வேலை. ஏனோ சாம்சன் கடைசிவரை காட்டவே இல்லை.

போன கிறிஸ்துமஸ் கழிந்த வாரம் ஒரு சாயங்காலம், நெஞ்சு எரிகிறது, ஒரு சோடா வாங்கிவாருங்கள் என்றாள் பூரணம். சாம்சன் சோடாவோடு திரும்பியபோது நாற்காலியில் சாய்ந்தபடி இருந்தாள். தூங்குகிறாள் என்றுதான் நினைத்தார். சோடாவை உடைத்து, சத்தம் கேட்டும் அவள் முழிக்காத பிறகுதான் கிட்டே போனார்.

அடக்கம் முடிந்ததும் அபிஷா அப்பாவைக் கையோடு கோயம்புத்தூருக்குக் கூட்டிப் போனாள். மருமகன் தங்கமானவர்தான். ஆனால் அங்கே காலையில் எல்லாரும் வேலைக்குப் போய்விட்டால், மூன்றாவது மாடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து எதிர்வீட்டு ஜன்னலைப் பார்க்க வேண்டும். ஒரு வாரம் தாக்குப்பிடித்தார். "மக்ளே, வண்டி ஓடாம நின்னா பேட்டரி செத்துப்போகும்" என்று ஒரு சாக்கைச் சொல்லிவிட்டுப் பஸ் ஏறிவிட்டார்.

வந்தால் வீட்டில் யார் இருக்கிறார்கள்? வெறும் வீடு. உலையில் அரிசி போட்டால் கை தன்பாட்டுக்கு இரண்டு பேருக்கு அளந்துவிடும். மிச்சச் சோற்றை மறுநாளும் தின்றார், அதற்கு மறுநாள் வாசல் நாய்க்கு வைத்தார், பிறகு உலை வைப்பதையே நிறுத்திவிட்டுப் புரோட்டாக் கடையில் சாப்பிட்டார். டிவியை எந்நேரமும் ஓடவிட்டார். அதில் என்ன ஓடுகிறது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. ஸ்டாண்டில் வண்டியை நிறுத்தியதும் இறங்கி, முன்பக்கமாகச் சுற்றி இடது கதவுக்குப் போய்விடுவார். கைப்பிடியில் கை வைத்த பிறகுதான் உறைக்கும். யாராவது பார்த்துவிட்டார்களோ என்று டயரை ஒரு எத்து எத்திக் காற்று இருக்கிறதா என்று பார்ப்பதுபோல நிற்பார். எல்லாரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். தாவூதுகூட ஒரு வார்த்தை கேலி பேசவில்லை.

அப்படியிருக்க, பூரணம் போன பிறகு முதல் தடவையாக ஒருநாள் மில்லில் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தினார். சண்முகையா, "எத்தனை அண்ணாச்சி?" என்றான். இத்தனை வருசமாக அவன் எட்டிப் பார்த்துத் தானே கத்துவானே தவிரக் கேட்டதில்லை. சாம்சன் எதையோ நினைத்துக்கொண்டு, வாய்ப் பழக்கத்தில், "ஆறு" என்றார்.

சண்முகையா தயங்கி நின்றான். அவனுக்குத் தெரியும். ஆனால் எந்த வாயால் சொல்வான்? எக்கா இல்லையே அண்ணாச்சி என்று அந்த மனுசன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எவனுக்குத் துணிச்சல் வரும்? தலையைக் குனிந்துகொண்டு ஆறையும் ஏற்றிக் கயிற்றை இரண்டு சுற்று அதிகமாகச் சுற்றி இறுக்கினான். கயிறு என்ன செய்யும் பாவம்.

பாலத்தின் பாதி ஏற்றத்தில் வண்டி முன்னங்காலைத் தூக்கியது. அப்படியே பின்னோக்கிச் சரிந்து, பக்கவாட்டில் ஓடைக்குள் இறங்கிக் கவிழ்ந்தது. பீம் ஆறும் உருண்டு சகதியில் கிடந்தன. வெள்ளை வெளேரென்ற பாவு நூல் சேற்றில் ஊறிக் கிடந்தது. வயலில் நின்றவர்கள் ஓடி வந்தார்கள். நெற்றியில் ரத்தம் வழிய சாம்சன் எப்படியோ வெளியே வந்துவிட்டார். வந்தவர் உட்காரவில்லை, தண்ணீர் கேட்கவில்லை. தட்டுத்தடுமாறி வண்டியைச் சுற்றிப் போய் இடது கதவைப் பிடித்து இழுத்தார். "உள்ள வேற ஆளு இருக்கா அண்ணாச்சி?" என்று பதறிக் கேட்டார்கள். அவர் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

வயசாகிவிட்டது, கண் தெரியவில்லை, ஆசை அளவுக்கு மீறிவிட்டது என்று ஊர் தன் வாய்க்கு வந்ததைப் பேசியது. பேசாமல் இருக்குமா ஊர்? உண்மை தெரிந்தது இரண்டு பேருக்குத்தான். அதில் சண்முகையா இரண்டு நாள் வேலைக்கு வராமல் வீட்டில் கிடந்து அழுதான்.

வண்டியின் அடிச்சட்டம் வளைந்துவிட்டது. பழைய இரும்புக்குத்தான் போயிற்று. இனி வேறு வண்டி எடுத்தால்தான் பிழைப்பு. பீமுக்குச் சொந்தக்காரரான தறி முதலாளி கோமதிநாயகம் நல்ல மனுசன், திட்டவில்லை. கூப்பிட்டு உட்காரவைத்துச் சொன்னார்.

"வே சாம்சன், இனிமே அந்தக் குட்டி வண்டி உமக்கு வேண்டாம். பெரிய பிக்கப்பா எடும். பத்து பீமுன்னாலும் அசையாம நிக்கும். எடுத்தீருன்னா என் ஷெட்டு லோடு பூராவும் உமக்குத்தான், வேற எவனையும் கூப்பிட மாட்டேன். மறுபடியும் சின்னதுன்னா எனக்குத் தோதுப்படாது பாத்துக்கிடும். ஆடித்தபசுத் திருவிழா வாரதுக்குள்ள ஒரு முடிவச் சொல்லும்."

இதைவிட ஒருவன் என்ன கேட்க முடியும்? தாவூது ஏற்கெனவே சின்னதை விற்றுப் பெரிய பிக்கப்புக்கு மாறியவர், அவரும் அதையேதான் சொன்னார். அபிஷா ஞாயிற்றுக்கிழமை போனில் அழுதேவிட்டாள். "பெரிய வண்டியே எடுங்கப்பா. அம்மாவும் இல்ல, நீங்களும் இல்லன்னா நான் யாரப் பாக்க வருவேன்?" எல்லாரும் சொல்வது சரிதான். சாம்சனுக்கும் அது தெரியும். ஆனாலும் சரி என்கிற ஒரு வார்த்தை வாயில் வர மறுத்தது. ஏன் என்று அவருக்கே விளங்கவில்லை.

ஸ்டாண்டில் ஒருத்தன், ரொம்ப புத்திசாலி, "சின்னதே எடும் அண்ணாச்சி. அந்த சீட்டுல ஒரு மண் மூட்டையத் தூக்கி வச்சாப் போச்சு. கனந்தானே வேணும்?" என்றான். அவன் கெட்டவன் இல்லை, யோசனைதான் சொன்னான். சாம்சன் பாய்ந்து அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துவிட்டார். அந்த ஒல்லி உடம்பில் அவ்வளவு பலம் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் ஸ்டாண்டுக்கே தெரியும். தாவூதுதான் நடுவில் புகுந்து விலக்கிவிட்டார்.

"வே, இங்க பாரும்" என்று தனியே கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்துச் சொன்னார் தாவூது. "நாளைக்கு என் வண்டியக் கொண்டு போம். ஒரு லோடு அடிச்சுப் பாரும். ஓட்டிப் பாத்தா மனசு தானா வந்துரும்."

மறுநாள் தாவூதின் பெரிய பிக்கப்பில் மில்லுக்குப் போனார். உயரமான வண்டி, டிரைவருக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம். சண்முகையா இடது பக்கம் எட்டிப் பார்க்கவில்லை, எத்தனை என்றும் கேட்கவில்லை. "இதுக்கெல்லாம் எண்ணிக்கை எதுக்கு அண்ணாச்சி, அடைஞ்ச மட்டும் போடுவோம்" என்று பத்தையும் ஏற்றிவிட்டான்.

பாலம் வந்தது. சாம்சன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கியரைக் குறைத்தார். காது தன்பாட்டுக்கு இடது பக்கம் போயிற்று. ஒரு சத்தமும் இல்லை. வண்டி சமதரையில் போகிற மாதிரி ஏறியது, இறங்கியது. கியரைக் குறைத்திருக்கவே வேண்டாம். திக்கென்றுகூட ஆகவில்லை. முடிந்துவிட்டது.

கொஞ்ச தூரம் போய், ஓர் உடைமரத்தடியில் வண்டியை ஒதுக்கி நிறுத்தினார். பிறகு ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு வாய்விட்டு அழுதார். பூரணத்தை அடக்கம் பண்ணிய அன்றுகூட அப்படி அழவில்லை. நான் இல்லாட்டா அவியளுக்கு வண்டியே ஏறாது என்று டீச்சர் முன்னாலும் நர்ஸ் முன்னாலும் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னாளே, இப்போது ஏறிவிட்டதே! அவள் ஒருத்தி இருந்ததே இல்லை என்கிற மாதிரியல்லவா ஏறிவிட்டது. அவருக்கு அந்த வண்டி மேல் வந்த ஆத்திரத்தில் கதவை ஓங்கிக் குத்தினார். நல்ல கெட்டியான கதவு, அவர் கைதான் வீங்கியது.

சாயங்காலம் சாவியைக் கொடுக்கப் போனபோது தாவூது, "எப்படி வே வண்டி?" என்றார்.

"நல்ல வண்டி வே. ஆளே வேண்டாங்குது."

"பாத்தீரா! நான்தான் சொன்னம்லா?" என்று தாவூது சந்தோசப்பட்டார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து டிவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் அவருக்கு விளங்கியது. பெரிய வண்டி எடுத்தால் நாளையிலிருந்து எல்லாம் ஒழுங்காக நடக்கும். பாலம் ஏறும், லோடு இறங்கும், கோமதிநாயகம் சிரிப்பார், மகள் நிம்மதியாகத் தூங்குவாள். பூரணம் இல்லாதது எங்கேயும் தெரியாது. சின்ன வண்டி என்றால் ஒவ்வொரு லோடுக்கும் ஒரு பீம் குறையும். அப்படி ஒரு மனுசி போயிருக்கிறாள், அதற்கு இந்த ஊரில் ஏதாவது ஒன்று குறைய வேண்டாமா?

கோமதிநாயகத்திடம் போய்ச் சின்னதே எடுக்கப்போவதாகச் சொன்னார்.

"ஏன் வே? கிறுக்கா பிடிச்சிருக்கு உமக்கு?"

மனதில் கிடந்ததை எப்படிச் சொல்வது? "சந்துக்குள்ள பெரிசு திரும்பாது முதலாளி" என்று பொய் சொன்னார்.

"இத்தன நாளா தாவூது வண்டி திரும்புதே! பொழைக்கத் தெரியாத ஆளுவே நீரு" என்று அவர் அலுத்துக்கொண்டு, தன் ஷெட்டு லோடை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட்டார். சாம்சனுக்கு மிஞ்சியது சில்லறை ஷெட்டுகள்தான். அபிஷாவிடம், "உன் அம்ம மேல ஆணையா இனி அஞ்சுக்கு மேல ஏத்த மாட்டேன் மக்ளே" என்று போனில் சத்தியம் பண்ணிக்கொடுத்தார். அவளுக்குப் பாதி விளங்கியது. அதற்கு மேல் அவளும் கேட்கவில்லை.

ஆடித்தபசுக் கூட்டம் கலைந்த வாரம் புது வண்டி வந்தது. சர்ச் போதகர் வந்து ஜெபம் பண்ணிக் கொடுத்தார். வண்டியைக் கொண்டுவந்து விட்ட பையன் ஒவ்வொன்றாக விளக்கிக்கொண்டே வந்து, "இந்தா பாருங்க சார், லெஃப்ட் டோரு. உள்ள இருந்தே சும்மா விரல் வச்சாத் திறந்துக்கிடும்" என்று திறந்து காட்டினான். சாம்சன் அந்தக் கதவை ஒருமுறை திறந்து, மூடி, சரி என்று தலையாட்டினார்.

மறுநாள் காலை மில்லில் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்தினார். சண்முகையா பழக்கத்தில் இடது பக்கம் குனிந்துவிட்டான். சீட்டில் போட்டிருந்த பிளாஸ்டிக் உறைகூட இன்னும் கிழிக்கப்படவில்லை. சட்டென்று நிமிர்ந்தவன் முகத்தில் ஈயாடவில்லை. எத்தனை என்று கேட்காமல் கயிற்றை எடுத்து முடிச்சை அவிழ்க்க ஆரம்பித்தான். தயாராகச் சுவரோரம் ஆறு பீம் கிடந்தன.

சாம்சனே இறங்கி வந்தார்.

"அஞ்சு போடு சண்முகையா. அஞ்சுதான் போகும். உங்கக்கா செத்துப்போனாள்லா."

இத்தனை மாதத்தில் அதை அவர் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சொல்லிவிட்டு அவனோடு சேர்ந்து அவரும் தோள் கொடுத்து ஐந்தையும் ஏற்றினார். கயிறு கட்டினார்கள். ஆறாவது சுவரோரமாகவே கிடந்தது. இரண்டு பேரும் அதைப் பார்க்காதவர்கள் போல நின்றார்கள்.

"இந்த ஒண்ண நாளைக்கு லோடோட சேத்துக்கிடலாம் அண்ணாச்சி" என்றான் சண்முகையா. "ஒரு பீமுக்காக மறுபடியும் இம்புட்டு தூரம் வரணுமா?"

சாம்சன் வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அது அங்கனயே கெடக்கட்டும். இத இறக்கிப் போட்டுட்டு வாரேன். அவளுக்குன்னு ஒரு நடை தனியா வாரேன்."